யாருக்கும் போகாத செய்தி

ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களில் நெல் முற்றத் தொடங்கினால் யானைகளும் வரத் தொடங்கும். அதற்காகத்தான் தேனுகாவும் அவளோடு வவுனியாவில் படித்த ஜெயந்தனும் அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். யானையைக் கண்டவர் ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் போதும். அந்தப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் எல்லோருடைய கைபேசிக்கும் குறுஞ்செய்தி போய்விடும். கமக்காரர் அமைப்பின் அறையில் கிடந்த பழைய கணினி ஒன்று இதைப் பார்த்துக்கொண்டது. எல்லோருடைய இலக்கங்களும் அதன் தரவுத்தளத்தில் இருந்தன. அந்த மென்பொருள் திறந்த மூலம். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எவரும் பாவிக்கலாம் என்று விட்டது. ஜெயந்தன் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போன பிறகு தேனுகா தனியே அதைப் பராமரித்தாள்.

தை மாதக் கடைசியில் அந்த மென்பொருளை எழுதுபவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கடவுச்சொல் இல்லாமலே வெளியார் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை ஒன்று அகப்பட்டிருக்கிறது, அதை அடைத்துப் புதிய பதிப்பு விட்டிருக்கிறோம், தாமதிக்காமல் மாற்றுங்கள் என்றது அது. மாற்ற வேண்டும் என்று தேனுகாவுக்குத் தெரியும். ஆனால் போன வருடம் இப்படியொரு திருத்தம் போடப்போய்த் தரவுத்தளம் எழும்பாமல் படுத்துவிட்டது. அன்று பின்னேரம் முழுக்கச் செய்தி போகவில்லை. ஒருவரின் வாழைத்தோட்டம் அழிந்தது. சனம் அவளைப் பேசிய பேச்சு இன்னும் காதில் நின்றது.

ஜெயந்தனுக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

"இப்ப நெல்லு வெட்டு நேரம், தேனுகா. கை வைக்காதையும். வெட்டு முடிய நானும் வாறன், ரெண்டு பேருமா இருந்து ஆறுதலாச் செய்வம்."

"இது பாதுகாப்பு விசயம், ஜெயந்தன்."

"ஓம், ஆனா எங்கடை பழைய பெட்டியை ஆர் தேடி வரப்போறாங்கள்?"

அது சரியென்றே அவளுக்கும் பட்டது. சரியாக இருக்க வேண்டும் என்றும் அவள் ஆசைப்பட்டாள்.

யாரும் தேடி வரவில்லைதான். திறந்து கிடக்கும் கணினிகளை இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டு திரியும் நிரல் ஒன்று வந்தது. அதற்கு ஒட்டுசுட்டானும் தெரியாது, யானையும் தெரியாது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்த ஓட்டையால் புகுந்து, இலக்கங்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனது. கணினி நிற்கவில்லை. பிழை என்று எதையும் காட்டவுமில்லை.

அன்று பின்னேரம் பால் சேர்க்கப் போன சுஜிதன் குளக்கட்டுக்குக் கீழே யானைகளைக் கண்டு உடனே அழைத்தான். "நன்றி, எல்லோருக்கும் அறிவிக்கிறோம்" என்று பதிவுசெய்து வைத்த குரல் சொன்னது. அது தேனுகாவின் குரல்தான். அறிவிப்பதற்கு ஓர் இலக்கமும் உள்ளே இருக்கவில்லை.

பொழுது படும்போது, அங்கே வயல் செய்த தவராசா சைக்கிளில் வயல் காவலுக்குப் போனார். மறுநாள் காலையில் வாய்க்கால் ஓரமாக, யானை அடித்த அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள்.

செய்தி கேட்டதும் தேனுகா அறையைத் திறந்து கணினியைப் பார்த்தாள். எல்லாம் வெறுமையாகக் கிடந்தது. எப்போது, எந்த வழியால் என்று தேடிக் கண்டுபிடித்தாள். அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனாள்.

தவராசாவின் மனைவி கமலாசனி, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி அழுதாள். "போனைப் பாத்திட்டுத்தான் போனவர். ஒண்டும் வரேல்லை, இண்டைக்குப் பயமில்லையெண்டு யானை வெடியையும் வீட்டிலை வச்சிட்டுப் போனவர்."

முன்பெல்லாம் தவராசா வெடியும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் அந்தப் பக்கம் போனதே இல்லை. செய்தி வரத் தொடங்கிய பிறகு, வராவிட்டால் யானை இல்லை என்று அவரும் ஊரும் பழகிவிட்டார்கள். தேனுகாவால் அங்கே நிற்க முடியவில்லை.

அமைப்பின் தலைவி இராசமலரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதை வெளியிலை சொல்லாதை, பிள்ளை. சொன்னா சனம் இதை விட்டுப்போடும். பிறகு இன்னும் எத்தினை பேர் சாகிறதோ?"

"அந்த அக்காவுக்கெண்டாலும் சொல்லவேணும்."

"சொல்லி என்ன, அந்தாள் எழும்பி வரப்போகுதே?"

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்தபின் தேனுகா தனியே அந்த வீட்டுக்குப் போனாள். குசினி வாசலில் இருந்த கமலாசனியிடம் மின்னஞ்சல் வந்தது, தான் ஒத்திப்போட்டது, யானையைக் கண்டு சுஜிதன் அழைத்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். கடைசியில் கமலாசனி கேட்டாள்.

"எனக்கு உந்தக் கொம்பியூட்டர்க் கதையள் விளங்காது. அதைத் திருத்த எவ்வளவு நேரம் செல்லும்?"

"கால் மணித்தியாலம், அக்கா."

கமலாசனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேனுகா கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

செத்தவீட்டால் வந்த அன்றே அவள் புதிய பதிப்பை நிறுவியிருந்தாள். அது ஒரு வில்லங்கமும் இல்லாமல் எழும்பியது. பழைய பிரதியிலிருந்து இலக்கங்களை மீட்டாள். தவராசாவின் இலக்கமும் அவற்றோடு வந்தது. அதை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கமலாசனி அந்த வருடம் வயலை வெட்ட ஆள் விடவில்லை. நெல் வெட்டாமலே நின்று சாய்ந்தது. யானைகள் பயமில்லாமல் வந்து தின்றுவிட்டுப் போயின. வந்த ஒவ்வொரு முறையும் செய்தி எல்லோருக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்தது.