மூணுல ஆள் இல்லை

அலை உயரும் என்று எச்சரிக்கை வந்துவிட்டால், அந்தச் சின்னக் கடலோர ஊரின் தையல்காரிக்குத் தையல் ஓடாது. மீன் ஏலக்கூடத்து மாடியறையில் வாக்கி-டாக்கியோடு போய் உட்கார்ந்துவிடுவாள். கரையோரம் ஐந்து காவல் இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தன்னார்வலர்கள். பாதுகாப்புக் குழு என்று பெயர்தான் பெரிது. ஆளுக்கு ஒரு விசில், ஒரு ஆரஞ்சுச் சட்டை, ஒரு வாக்கி-டாக்கி, அவ்வளவுதான். தங்கள் இடத்துக் கூட்டத்தை மேலே அனுப்பிவிட்டால் "ஆள் இல்லை" என்பார்கள். அவள் பலகையில் டிக் போடுவாள். ஐந்தும் விழுந்ததும் அலைத்தடுப்புச் சுவரின் இரும்புக் கதவைப் பூட்டச் சொல்லி அங்கிருக்கும் காவலாளிக்குச் சொல்வாள். இதில் குழம்ப என்ன இருக்கிறது? அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அன்று மதியம் நான்கு டிக் விழுந்தாகிவிட்டது. பாக்கி, சுவர்மேல் இருக்கும் மூன்றாம் இடம். அங்கே அவளுடைய அண்ணன், ஓய்வுபெற்ற தபால்காரர். கூட ஊர் முடிவெட்டுபவர். கடையில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், வாக்கி-டாக்கியைக் கையில் கொடுத்தால் மட்டும் கஞ்சனாகிவிடுவார்.

"மூணுல ஆள் இல்லை" என்றது அவர் குரல்.

டிக் போட்டாள். "மூணுலயும் ஆள் இல்லை. எல்லாம் முடிஞ்சுது, கதவைப் பூட்டுங்க" என்று காவலாளிக்குச் சொன்னாள். அவரும் பூட்டிவிட்டு, வண்டிகளை நிறுத்த ரோட்டுக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் முடிவெட்டுபவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்னம்மா, ஆள் இல்லைன்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு! யாரையும் அனுப்பலையே?"

"ஆள் இல்லாத இடத்துக்கு எதுக்கு ஆளை அனுப்பணும்?"

"ஆள் இல்லைன்னாதானே அனுப்பணும்!"

"யாரு இல்லை?"

"உங்க அண்ணன்தான்! தூண்டில்காரர் ஒருத்தரை ரோடு வரைக்கும் விட்டுட்டு வந்து பாத்தா, மனுஷனைக் காணோம். உங்ககிட்ட சொன்ன கையோட பேட்டரியும் செத்துப்போச்சு. ரோட்டுப் பக்கமெல்லாம் தேடிட்டு வர்றேன்."

இவர் சொன்னது என்ன, தான் கேட்டது என்ன, பூட்டி வைத்தது யாரை? பலகையில் டிக் வெகு அழகாக விழுந்திருந்தது. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இரைச்சல்தான் வந்தது. பெற்றவர்கள் போனபின் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே அண்ணன். ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இடுப்பு வரை ஈரம். அவருக்குப் பின்னால் அலை சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். கம்பி வழியாகக் கைநீட்டி அண்ணன்தான் திருப்பிக் கொடுத்தார்.

அவர் வெளியே வந்ததும் அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன அவளுக்கு. "வாக்கி-டாக்கில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சுவர் முனையில இன்னும் யாராவது நிக்கிறாங்களான்னு பாக்கப் போனேன். ஒரு அலை அடிச்சுது, பட்டன்ல தண்ணி போயிடுச்சு. அப்புறம் பேச முடியலை. கேக்க மட்டும்தான் முடிஞ்சுது."

"அப்போ... நான் பூட்டச் சொன்னது?"

"கேட்டுச்சு." அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே அவளைப் பார்த்தார். "வேற யாராவது சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். உன் குரல்ல 'ஆள் இல்லை'ன்னு கேட்டதும், நான் இருக்கேனான்னு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சும்மா."