மாஸ்டர் வாங்கிய செயின் வண்டி

“செத்துப்போனவர் எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போட முடியாதுங்க,” என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் மகள்.

லாரிக்காரர் தாளை நீட்டியபடியே நின்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இந்த முகவரியில் இறக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, இறக்கிவிட்டார். பந்தலையும் நாற்காலிகளையும் பார்த்து வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருக்கிறார். லாரியின் பின்பக்கத்தைச் சாய்த்து, கம்பி வடத்தைத் தளர்த்தி, சாமானைச் சரியாகக் கேட்டுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார்.

அது ஒரு குட்டி மண் தோண்டும் இயந்திரம். காரில் பாதி அளவு. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் செயின், முன்னால் மடங்கிய ஒற்றைக் கை, கையின் நுனியில் காய்ந்த மண்ணோடு ஒரு பக்கெட். பலர் கை மாறிய வண்டி என்பது பார்த்த உடனே தெரிந்தது. மஞ்சள் பெயின்ட் உதிர்ந்த இடங்களில் வேறொரு மஞ்சளைப் பூசியிருந்தார்கள்.

“குழி தோண்டவா வந்திருக்கு?” என்று பந்தலில் ஒருவர் ரகசியமாகக் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

தம்பி உள்ளேயிருந்து ஓடி வந்தான். “என்னக்கா இது? யாரு வாங்குனது?”

“மாஸ்டர்தாங்க,” என்றார் லாரிக்காரர். “நேர்ல வந்து பாத்து வாங்குனாங்களாம். இந்தத் தலகாணியும் சேத்துக் குடுக்கச் சொன்னாங்க.”

தட்டையான ஒரு சிறு தலையணை. நீலப்பூ போட்ட அதன் உறையை மகளுக்கு நன்றாகத் தெரியும். கூடத்து சோபாவில் கிடந்தது. எப்போது காணாமல் போனது என்றுதான் தெரியவில்லை. அப்பாவுக்கு முதுகுவலி, அதற்காக எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

அப்பா முப்பத்தைந்து வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். அவர் வாய்க்குத் தப்பியது அம்மா மட்டும்தான், அதுவும் ஒரே நாளில். கல்யாணமான புதிதில் அம்மாவைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் கார் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பத்தாவது நிமிடம் அவர் போட்ட சத்தத்தில் அம்மா கதவைத் திறந்து இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். வீடு வரைக்கும் நடந்தாள். அப்பா பின்னாலேயே காரை ஊர விட்டு, “ஏறு, ஏறும்மா” என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். அதன்பிறகு அம்மா எந்தக் காரிலும் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. சொல்லிச் சொல்லிச் சிரிக்க வீட்டில் இருந்த கதை இது ஒன்றுதான்.

அப்படிப்பட்ட அப்பா மண்வெட்டியைத் தொட்டு ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவிருந்ததா என்பது சந்தேகம். வீடு கட்டியபோது மிஞ்சிய கல்லும் மண்ணும் அங்கே மேடாகக் குவிந்து, புதர் மண்டி, மழைக்குத் தண்ணீரைச் சமையலறைப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அம்மா புலம்புவாள். அப்பா பேப்பரைப் புரட்டுவார்.

“நான்தான் சொன்னேனே,” என்றான் தம்பி. “ஆறு மாசமாவே அவருக்குப் புத்தி தடுமாறுது. நீதான் வாரா வாரம் வந்து போறே. ஒண்ணுமே தெரியலயா உனக்கு?”

மகளுக்குச் சுருக்கென்றது. தெரியவில்லைதான். புதன்கிழமைதோறும் வருவாள். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டால், “வேணாம், நாங்க வெளிய போறோம்” என்பார் அப்பா. எங்கே என்று அவள் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கடையில் அவள் ஒருவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் செய்து, “பின்னாடி மேட்டுல மண்ணு எவ்வளவு ஆழம் இருக்கும்? சின்னப்புள்ளையில நீ அங்கதான வெளையாடுவே?” என்று கேட்டார். “அப்புறம் பேசறேன்பா” என்று வைத்தவள் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாள் புதன்கிழமை கடையில் வேலை இருந்ததால் வரவும் இல்லை. நேற்றுக் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவளை அரித்தது அது மட்டுமில்லை. போன வாரம் அவளை வாசல்வரை வழியனுப்ப வந்தவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு, “உங்ககிட்டயெல்லாம் ரொம்பக் கத்திட்டேன் இல்ல?” என்றார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அவள் அதை யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தாள். தம்பி சொல்வது நிஜமென்றால் அதுவும் தடுமாறிய புத்தி பேசியதுதானே? அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு அப்பாவை எடுத்துப்போக வேன் வரும். கேட்டை அடைத்துக்கொண்டு இது நிற்கிறது.

“நீங்களே உள்ள ஓட்டி விட்டுருங்களேன்,” என்றாள் லாரிக்காரரிடம்.

“எறக்குறதோட என் வேல முடிஞ்சுதும்மா. இத ஓட்டத் தெரியாது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாரு. சாவியும் எங்கிட்ட இல்ல, போன ஞாயித்துக்கிழமையே வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்.”

ஐந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். அது அசைவேனா என்றது. அப்பாவின் சட்டைப் பைகளைத் துழாவினார்கள், மேசை இழுப்பறையைக் கவிழ்த்தார்கள். பேனா மூடிகளும் சிவப்பு எல் எழுதிய ஒரு தகரமும் விழுந்தன. சாவி இல்லை. தம்பி யார் யாருக்கோ போன் செய்து கத்திக்கொண்டிருந்தான். அவன் குரல் அச்சு அசல் அப்பாவின் குரலாக இருந்தது.

மகள் கூடத்துக்குப் போனாள். கட்டிலருகே தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து வாய் திறக்கவில்லை.

“அம்மா, அப்பா ஏதாவது சாவி குடுத்தாரா? வெளிய ஒரு வண்டி...”

அம்மாவின் பார்வை அவள் கக்கத்திலிருந்த தலையணையில் நின்றது. “மணி என்ன?” என்றாள்.

“ரெண்டே முக்கால்.”

அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தாள். சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்தாள். மகளிடமிருந்து தலையணையை வாங்கிக்கொண்டு பந்தலைத் தாண்டி நடந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது.

இயந்திரத்தின் சீட்டில் தலையணையைப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகியதும் வண்டி இருமிவிட்டு உறுமியது. மடங்கிய கை தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியது.

“அம்மா! எறங்கும்மா! என்ன பண்றே?” என்று தம்பி குறுக்கே ஓடினான்.

“ஓரமா நில்லுடா.”

அவன் நின்றான். அம்மா இரண்டு லீவர்களையும் பிடித்து மெல்ல முன்னால் தள்ளினாள். எறும்புக்கு வழிவிடுகிற வேகத்தில் வண்டி கேட்டைக் கடந்து, சுவரில் உரசாமல், வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் திரும்பியது. மகள் பின்னாலேயே ஓடினாள்.

பின்பக்க மண்மேட்டின் எதிரே வண்டி நின்றது. பக்கெட் மெல்லக் கீழே இறங்கியது.

“எப்பம்மா கத்துக்கிட்டே?” மகள் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமையில.”

“அப்பாவா சொல்லிக் குடுத்தாரு?”

“அவருக்கு இதப் பத்தி என்ன தெரியும்? மெக்கானிக் சொல்லிக் குடுத்தாரு. உங்கப்பா பக்கத்துல நிப்பாரு.”

“எங்ககிட்ட ஏம்மா சொல்லல?”

“சிரிப்பீங்க.”

கேட்க இருந்த நூறில் ஒன்றுதான் மகளின் வாய்க்கு வந்தது. “ரொம்பக் கத்தினாரா?”

அம்மா மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்ல,” என்றாள். “ஒரு தடவகூட இல்ல.”

வாசலில் வேனின் ஹாரன் கேட்டது. வண்டியின் சத்தம் நிற்கவில்லை. அம்மாவின் கை சாவியின்மேல் இருந்தது, ஆனால் திருகவில்லை. இடது பக்கம் திரும்பி, ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வேன் வந்துருச்சு. நிறுத்தும்மா.”

“பக்கெட் தரையில படிஞ்சாத்தான் நிறுத்தணும். எனக்கு இங்கேருந்து தெரியாது,” என்றாள் அம்மா. “அங்க நின்னு அவருதான் பாத்துச் சொல்லுவாரு.”

மகள் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் நின்றாள். குனிந்து பார்த்தாள். பக்கெட்டின் பற்கள் புல்லை அமுக்கிக்கொண்டு மண்ணில் பதிந்திருந்தன.

“படிஞ்சிருக்கும்மா,” என்றாள்.

அம்மா சாவியைத் திருப்பினாள்.