தாழ்ப்பாள் எட்டாத கதவுகள்

1
இந்தக் கதை என் குளியலறைக் கதவில் பிறந்தது. வெள்ளம் வடிந்ததும் புதுக்கதவு போட்டோம். அன்றைக்குக் கச்சிதம். ஒரு மாதத்தில் தாழ்ப்பாள் எதிரே உள்ள நிலைச்சட்டத்தின் துளையை எட்டவில்லை. பக்கத்து வீடுகளிலும் இதே கூத்து. செய்த தச்சருக்கே காரணம் புரியவில்லை.

2
முதல் வரைவில், கதவு செய்த பட்டறையின் முதலாளியை வில்லனாக்கினேன். “ஆட்களை விரட்டுவதற்காகவே அவர் கதவு அறுக்கும் இயந்திரத்தை வாங்கி…” வேண்டாம். விரட்ட ஆளே இல்லை. ஊர் முழுக்கக் கதவு கேட்டது. ஐந்து தச்சரில் நால்வர் இரட்டைக் கூலிக்குச் சேறு அள்ளப் போய்விட்டார்கள். (வெள்ளம் வேலையைக் கூட்டும், ஆளையும் இழுத்துக்கொள்ளும். இயந்திரம் நுழைவது அந்த இடைவெளியில்.) மிஞ்சியவர் முதலாளியின் தங்கை கணவர்.

“மாப்ள, அரை மில்லிமீட்டர் பிசகாம அறுக்குது பாரு!”

“அப்புறம் நான் எதுக்கு மச்சான்? பக்கத்துல நின்னு கை தட்டவா?”

“இந்த ஆர்டர் முடியட்டும், பேசலாம்.”

அந்தப் ‘பேசலாம்’ எதில் முடியும் என்று தச்சருக்குத் தெரியும்.

3
புகார்கள் குவிந்தன. “மெஷின் தப்பு பண்ணாது. அளவெடுத்தது யாரு? நீ!” என்றார் முதலாளி.

தச்சர் என் வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தார். [இங்கே அவர் முகத்தை வர்ணிக்கப் பார்த்தேன், டேப்பில் இருந்த எண்தான் சுவாரசியம்.] வாசலின் அகலம் அன்று 752 மில்லிமீட்டர். இன்று 757. உடனே போன் போட்டார்.

“கதவு சுருங்கல மச்சான், வாசல் பெருசாயிருக்கு.”

“வாசல் என்ன புள்ளையா, வளர்றதுக்கு?”

“ஊறி உப்பியிருந்த சட்டத்தை அளந்தோம். இப்ப காஞ்சு இளைச்சிருச்சு. வீட்டுக்கு வீடு வேற அளவுல.”

ஈரத்தை அவ்வளவு துல்லியமாக அளந்திருந்தார்கள்.

4
முடிவுகள். முதலாளி கண்கலங்குகிறார்: சினிமா. இயந்திரத்தைத் திருப்பி அனுப்புகிறார்: பொய், அது அறுக்கும் வேகத்துக்கு எந்தக் கையும் ஈடில்லை. நடந்தது இவ்வளவுதான்:

“இருநூறு வீட்டுக்கும் போயி சரி பண்றது யாரு மாப்ள?”

“நான் ஒருத்தனே போனா அடுத்த வெள்ளம் வந்துரும். ரெண்டு ஆள் சேருங்க.”

சேர்த்தார். இருநூறாவது வீட்டுக்குப் பிறகு தச்சருக்கு வேலை உண்டா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: வெள்ளத்தில் ஊறிய வாசலுக்கு, அன்றைய அளவிலேயே இயந்திரம் கதவை அறுக்கட்டும். சட்டம் காய்ந்ததும் ஓர் ஆள் போய், கூடியிருக்கும் இடைவெளியை அளந்து, கீல்களைக் கழற்றி, அதே கனத்தில் மரத்தகடு சீவி, கீலுக்குப் பின்னால் வைத்து முடுக்க வேண்டும். தாழ்ப்பாள் எட்டும்.