துரியோதனனுக்கு வந்த முகம்

1998 மே 17, ஞாயிற்றுக்கிழமை. செய்யூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திரௌபதி அம்மன் கோயில் திடலில், நாற்பதடி நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். களிமண் குழைத்துச் செய்த உருவம்.

பாரதத் திருவிழாவின் கடைசி நாள். வெயில் தாழ்ந்ததும் கூத்தில் வீமன் வேடம் கட்டுபவர் அந்த மண் தொடையைப் பிளப்பார். உள்ளே புதைத்த செங்குழம்புப் பானை உடையும். அதைத் தலையில் தடவிப் பாஞ்சாலி கூந்தலை முடிவாள்.

வழக்கமாக உருவம் செய்யும் எல்லப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். "நான் செய்யறேன்" என்று கேட்டு வாங்கியவன் ஜெயக்குமார். மாமல்லபுரத்தில் கல் கொத்துகிறவன். அவன் செய்த சிலைகள் எங்கெங்கோ போயிருந்தன. சொந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. கல் கொத்துகிறவனுக்கு மண் படியுமா, வெளியூர் ஆளை வைக்கலாம் என்று நாலைந்து பேர் முணுமுணுத்தும் பெரியவர்கள் அவனிடமே விட்டிருந்தார்கள்.

மதியம் முகத்தை முடித்து, ஏணியில் ஏறிப் பார்த்தான். துரியோதனனின் கோபம் அதில் இல்லை. ஒன்பது வருஷமாக ஓட்டல் தோட்டங்களுக்குப் புத்தர் சிலை செதுக்கிய கை. பாதி மூடிய கண், உதட்டோரம் லேசான சிரிப்பு.

"இன்னா ஜெயக்குமாரு, துரியோதனன் தியானம் பண்ணிகினு கீறான்?" என்றாள் பூ விற்கும் ஆராயி. "வீமன் கன்னத்துல போட்டுகினு தாண்டா அடிக்கணும்."

கூட்டம் சிரித்தது. வழித்தெறிந்து மறுபடி பூசினான். மறுபடியும் அதே முகம்தான் வந்தது. மண் காயத் தொடங்கியது. முணுமுணுத்தவர்கள் இப்போது சத்தமாகவே பேசினார்கள்.

வீமன் வேடம் கட்டும் பக்தவத்சலம் வந்து சேர்ந்தார். மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். இன்னும் அரிதாரம் பூசவில்லை.

"கோவம் வரமாட்டேங்குது அண்ணாத்த. கை அங்கியே போவுது."

"இருவது வருசமா அவன் எதிர்ல நின்னுகினு கீறேன். என்னாண்ட கேளு."

துரியோதனனின் தலைமாட்டில் குந்தினார். கண்ணை உருட்டி, மூக்கை விடைத்து, பல்லை நறநறவென்று கடித்தார். ஆராயி இரண்டடி பின்னால் போனாள்.

"இத்த பாத்து செய்யி."

வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"போதும், வுட்டுருங்க அண்ணாத்த."

"பேசாத. பல்லு மாறிடும்."

ஜெயக்குமாரின் விரல்கள் அந்த நரம்பையும் பல்லையும் மண்ணில் தொடர்ந்தன. கடைசியாகச் சுண்ணாம்பும் கரியும் வைத்து விழியைத் திறந்தான்.

ஆராயிதான் முதலில் கத்தினாள். "யோவ், இது உன் மூஞ்சி!"

பக்தவத்சலத்தின் கோணல் மூக்குகூடத் தப்பவில்லை. எட்டிப் பார்த்தவர் வெடித்துச் சிரித்தார்.

"என்னிய நானே அடிச்சிக்கணும், அவ்ளோதான? எங்க வூட்ல கேட்டா இனிப்பு குடுப்பா."

ஜெயக்குமார் தன் குடிதண்ணீர்ச் சொம்பை எடுத்து, கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டு, மீதியில் அவர் முகத்தைத் தானே துடைத்துவிட்டான். அவர் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீமன் தொடையைப் பிளந்தான். பாஞ்சாலி கூந்தலை முடிந்தாள். நெல் பெருகுமென்று குதிரில் போட ஊரார் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிப்போனார்கள். மூக்கை ஆராயி எடுத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் திடல் வெறுந்தரையானது.

அடுத்த திருவிழாவுக்கும் ஜெயக்குமாரையே கூப்பிட்டார்கள்.