பதினேழாம் கேள்வி

கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசையில் கிடந்தது. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றியே வைத்திருந்தாள் மோனிஷா. அவ்வளவு அவசரம். மூன்று மணிக்கு, ஆய்வுக்குப் பணம் கொடுத்த டிரஸ்ட்டிலிருந்து கபிரியேல் சார் ரிப்போர்ட்டை வாங்க வருகிறார். அதற்குள் சந்தனமேரி அந்தத் தாளில் கையெழுத்திட்டாக வேண்டும். தாளில் இருந்தது இரண்டே வரி: இந்த ஆய்வின் தகவல்கள் என் மேற்பார்வையில் சேகரிக்கப்பட்டவை. நானே சரிபார்த்தேன், இவை நம்பத்தக்கவை.

"இதுல வாசிக்கறதுக்கு என்ன அம்மிணி இருக்குது? எல்லாப் புராஜெக்ட்டுக்கும் போடறதுதானே?" என்றாள் மோனிஷா.

போடுவதுதான். ஆறு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாள் சந்தனமேரி. பாலக்காட்டில் கல்பாத்திக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடை மாடியில் மூன்று அறை, அதுதான் மோனிஷாவின் ஆய்வு நிறுவனம். எவராவது எங்காவது ஒரு நல்ல காரியம் செய்வார்கள். அது உருப்பட்டதா இல்லையா என்று இவர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். கழிப்பறை, கோழிக்குஞ்சு, தையல் மிஷின் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. களத்தில் சந்தனமேரிதான் தலைமை. அவள் சரி என்றால் மோனிஷா மறுபடி கேட்டதே இல்லை.

ஆனால் இந்தத் தடவை திட்டம் நடந்தது சந்தனமேரி பிறந்த மலையில். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், அதன் ஐந்து டிவிஷன். அங்கே லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் மழை விட்டால் போதும், மஞ்சப்பித்தம் என்கிற மஞ்சள்காமாலை வந்துவிடும். வராமல் என்ன செய்யும்? குழாய்த் தண்ணீர் வருவது காட்டோரத்தில் திறந்து கிடக்கும் ஊற்றுத் தொட்டியிலிருந்து. அதில் இலை அழுகும், எருமை இறங்கும், காட்டுப்பன்றி சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போகும்.

டிரஸ்ட்காரர்கள் இரண்டு கட்டமாகத் திட்டம் போட்டார்கள். முதல் கட்டத்தில், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மூன்று வருஷம் வகுப்பு எடுத்தார்கள், வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தார்கள். இரண்டாம் கட்டத்தில் தொட்டிக்கு மூடி போட்டு, குளோரின் கலக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். இங்கேதான் ஒரு கொக்கி வைத்தார்கள். நூற்றுக்கு எண்பது வீடு காய்ச்சிக் குடிக்கப் பழகிவிட்டால் இரண்டாம் கட்டம் தேவையில்லை, கடையைக் கட்டிவிடலாம்.

மோனிஷாவின் ரிப்போர்ட்டில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. அந்தத் தொண்ணூற்றொன்றை ஒரு கேள்விதான் பெற்றுப் போட்டது. பதினேழாம் கேள்வி: குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுகிறீர்களா? ஆம், இல்லை.

சர்வேயின் நான்காம் நாள் காலை சந்தனமேரி சாந்தம்மாள் வீட்டுக்குப் போனாள். சாந்தம்மாள் கொழுந்து எடுக்கிறவள், நாற்பது வயசு. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. புருஷன் குருசாமி கட்டிலில் சுருண்டு கிடந்தான், கண் இரண்டும் மஞ்சளாக. தலைமாட்டில் அரைத்த கீழாநெல்லி இருந்தது.

"தண்ணி காய்ச்சித்தான் குடிக்கீங்களாக்கா?"

"பின்ன? காய்ச்சாம ஒரு பொட்டு உள்ள போகாது. அந்த டிரஸ்ட்டுக்கார பிள்ளைங்க வந்து சொன்னதுல இருந்து ஒரு நாள் தவறல."

ஆம் என்று குறித்தாள் சந்தனமேரி. அதே நேரம் குருசாமி தண்ணீர் கேட்டான். சாந்தம்மாள் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை டம்ளரில் பாதி ஊற்றினாள். பின்வாசல் குழாயைத் திறந்து மீதிப் பாதியை நிரப்பினாள். விரலை விட்டுப் பதம் பார்த்துவிட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"என்னக்கா, பச்சத் தண்ணிய ஊத்துதீங்க?"

"கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா நாக்கு வெந்துராதாட்டி?" சாந்தம்மாள் சிரித்தாள். "இந்தா, ஒனக்கும் வெலாவித் தாரேன்."

சந்தனமேரியும் வாங்கிக் குடித்தாள். பாதி உள்ளே போன பிறகுதான் உறைத்தது: பச்சைத் தண்ணீரைக் கலந்துவிட்டால் காய்ச்சியதற்கு அர்த்தமே இல்லை. அவளுடைய அம்மா இப்படித்தான் கொடுப்பாள். பாலக்காட்டு வாடகை அறையில் அவளே இப்படித்தான் குடிக்கிறாள். காலை ஏழரைக்கு மஸ்டரில், அதாவது எஸ்டேட் வருகைப் பதிவில், பேர் கொடுக்க ஓடுகிற பெண்களுக்குத் தண்ணீர் ஆறுகிற வரைக்கும் பொறுமை ஏது? கொதிதண்ணீரை அப்படியே ஊற்றினால் பிளாஸ்டிக் பாட்டில் நெளிந்துபோகும் என்று, முதலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொள்வார்கள். காய்ச்சுவதும் நிஜம், கலப்பதும் நிஜம். அந்த மலையில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். முதல் மூன்று நாளில் முப்பத்துநாலு வீட்டில் தானே வாய் கூசாமல் ஆம் போட்டதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்றைக்கே சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி மோனிஷாவுக்குப் போன் போட்டாள்.

"கேள்விய மாத்தாதே" என்றாள் மோனிஷா. "மூணு வருசத்துக்கு முன்னாடி எடுத்த சர்வேலயும் இதே கேள்விதான். அப்போ நூத்துக்கு முப்பத்தெட்டு. இப்போ கேள்வி மாறிப்போச்சுன்னா எதை எதோட ஒப்பிடறது?"

அதுவும் நியாயமான பேச்சுதான். அதனால் சந்தனமேரி கேள்வியைத் தொடவில்லை. ஓரத்துக் குறிப்புக் கட்டத்தில் 'கலப்பு' என்று எழுதிக்கொண்டே போனாள், கூட வந்த நாலு பேரையும் எழுத வைத்தாள். படிவங்கள் பாலக்காட்டுக்கு வந்தன. ஆபீஸில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய லிபினுக்கு, குறிப்புக் கட்டத்தை ஏற்ற இடமே கொடுக்கப்படவில்லை. கலப்பெல்லாம் காற்றோடு போயிற்று, ஆம் மட்டும் உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தனமேரி சொந்தச் செலவில் மலை ஏறினாள். சர்வே லிஸ்ட்டில் ஆம் என்று சொன்னவை நானூற்றிருபது வீடு. பத்துக்கு ஒரு வீடு என்று எண்ணி எடுத்தாள், நாற்பத்திரண்டு வந்தது. தெரிந்தவர் வீடு என்று சேர்க்கவும் இல்லை, நாய் இருக்கிறது என்று தள்ளவும் இல்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கொஞ்சம் தண்ணி தாங்க." பிறகு கையைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு வீட்டில் கலந்தார்கள். மீதி நாலில் இரண்டு வீட்டில் பிளாஸ்க் இருந்தது, ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காக ஆற வைத்திருந்தார்கள். நாலாவது வீட்டில் கலக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லி, கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டாள். நிறையப் பேர் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் முகம் வாடிப்போய், "அப்ப இத்தனை நாள் வெறகு எரிச்சதெல்லாம் வீணா?" என்றாள்.

அந்த நாற்பத்திரண்டு வீட்டுக் கணக்கும் இப்போது மேசைமேல்தான் கிடந்தது, கையெழுத்துத் தாளுக்குப் பக்கத்தில். மோனிஷா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நானூத்தி இருவதுக்கு முன்னாடி நாப்பத்திரண்டு வீடா? இதை யாரு ஒத்துக்குவா?"

"பத்துக்கு ஒரு வீடுன்னு எண்ணி எடுக்க நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க?"

மோனிஷா கொஞ்சம் தடுமாறித்தான் போனாள். கெட்டவள் இல்லை அவள். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் காலேஜில் படிப்பு முடித்து, ஒற்றை ஆளாக இந்த மாடி அறைகளைப் பிடித்தவள். டிரஸ்ட் முகம் சுளித்தால் அடுத்த வேலை வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இங்க பாரு, என்ற தலையெழுத்து இந்த ரிப்போர்ட்ல கெடக்குது. நீ கையெழுத்துப் போடு. அடுத்த ஆய்வுல உன்ற இஷ்டம்போலக் கேள்வி வெச்சுக்கலாம்."

"அடுத்த ஆய்வுன்னு ஒண்ணு அங்க வராது மேடம். நாம சுகம்னு எழுதிட்டா அந்த மலைப்பக்கம் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்."

"அப்போ கையெழுத்துப் போடமாட்டியா?"

"போடுதேன்" என்று பேனாவை எடுத்தாள் சந்தனமேரி.

மோனிஷாவுக்கு மூச்சு வந்தது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். சந்தனமேரி 'நம்பத்தக்கவை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'பதினேழாம் கேள்வி தவிர' என்று எழுதினாள். அதற்குக் கீழே நிதானமாக, குண்டுகுண்டான எழுத்தில், கலப்பது எப்படி என்பதையும், நாற்பத்திரண்டில் முப்பத்தெட்டு என்பதையும் எழுதினாள். கடைசியாக இப்படி எழுதினாள்: முதல் மூன்று நாளில் முப்பத்துநாலு வீட்டில் இதைக் கவனிக்காமல் விட்டது நான். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"உன்ற தப்பை நீயே எழுதிக் குடுக்கறியா? கிறுக்குப் புடிச்சுப்போச்சா?"

"நான் பண்ணினதுதானே மேடம்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கபிரியேல் சார் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். ஐம்பது வயசு இருக்கும், கையில் ஒரு சாக்லேட் பெட்டி. திட்டம் வெற்றி என்று போனிலேயே அவருக்குச் சொல்லியாயிற்று.

"வாங்க சார், உக்காருங்க" என்று எழுந்த மோனிஷா அந்தத் தாளை ஃபைலுக்கு அடியில் தள்ளப் பார்த்தாள். சந்தனமேரியின் கை முந்திக்கொண்டது. தாளை எடுத்து நேராக அவரிடம் நீட்டினாள்.

கபிரியேல் நின்றபடியே வாசித்தார். மறுபடி வாசித்தார். சாக்லேட் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இத அப்படியே கொண்டுபோனா மூணு வருஷ வேலை தோல்வின்னு ஆகிடுமே?"

"தோல்வி இல்ல சார். நீங்க சொன்னதக் கேட்டு அவங்க தெனமும் காய்ச்சுதாங்க, மழையில நனைஞ்ச வெறக வச்சுக்கிட்டு. அது உங்களுக்குக் கெடச்ச வெற்றிதான். ஆனா கலக்கறதுக்கு அவங்களுக்கு இருக்கறது உங்க மூடி போடாத தொட்டித் தண்ணிதானே?"

"கொஞ்சம் நயமா எழுதக் கூடாதா? 'சில வீடுகளில்' அப்படின்னு?"

"நாப்பத்திரண்டுல முப்பத்தெட்டு எப்படி சார் சில வீடு ஆகும்?"

கபிரியேல் அந்தப் பெண்ணை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "நீங்களே முப்பத்துநாலு வீட்டுல கோட்டை விட்டேன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் உங்க கணக்க நான் எப்படி நம்பறது?"

மோனிஷாவின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது.

"நான் அந்த லயத்துல பொறந்தவ சார். அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவ. எனக்கே மூணு நாள் தெரியல. பாலக்காட்டுல உக்காந்து எழுதின கேள்விக்கு எப்படித் தெரியும்? நம்பாட்டி நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க. எஸ்டேட் ஜீப்புல வராதீங்க, சூப்பர்வைசரக் கூட்டிட்டு வராதீங்க. தாகத்தோட வாங்க, போதும்."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். கபிரியேல் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். அந்தக் கையெழுத்துத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரிப்போர்ட்ட இப்ப வாங்கிக்க முடியாது மேடம். நான் மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சாக்லேட் பெட்டியும் அவரோடேயே போய்விட்டது.

மோனிஷா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நாளையில இருந்து வர வேண்டாம்" என்றாள்.

"சரி மேடம்."

"உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

"அதான் மேடம் மறக்கல" என்றாள் சந்தனமேரி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னாள். ஆறு வருஷமாக அந்த மேசையில் இருந்த தன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மலைக்குப் போவதற்காகப் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் அது மாட்டிக்கொண்டு நின்றபோது சாந்தம்மாள் போன் செய்தாள். குருசாமிக்குக் கண்ணில் மஞ்சள் இறங்கியிருக்கிறதாம், இரண்டு இட்லி சாப்பிட்டானாம். சந்தனமேரி அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். வேலை போனதையும் சொன்னாள்.

சாந்தம்மாள் கேட்டாள்: "அப்ப தொட்டிக்கு மூடி வருமாட்டி?"

"தெரியலக்கா. வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனா நமக்கு அது தேவையில்லன்னு எழுதி வச்சிட்டு இனி எவனும் போக முடியாது."