புல்தரையில் ஒரு பாசறை

ரோவில் என்ற புறநகர் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் ராதா சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. வாடகை வீடு. மூன்று மாதத்துக்கொரு முறை ஏஜென்ட் பெண் வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போவாள். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்காவிட்டால் வீடு மாறும், பள்ளியும் மாறும். மகள் ஹரிப்பிரியாவுக்கு அது நாலாவது பள்ளி. இங்கேதான் அவளுக்குத் தோழிகள் என்று இரண்டு பேர் அமைந்திருந்தார்கள்.

செப்டம்பரில், வரலாற்று வகுப்புக்காக, அவள் கொல்லையில் ரோமானியப் பாசறை ஒன்றைச் சிறிதாகத் தோண்டினாள். வழிநடைப் படை ஓரிரவு தங்கப் போடுவது அது: மூலை மழுங்கிய செவ்வகமாக அகழி, தோண்டிய மண்ணில் கரை, பக்கத்துக்கு ஒரு வாசல். படமெடுத்துக் கொடுத்தாள். மதிப்பெண் வந்தது. அதற்குள் மழை கரையை அடித்துப் போயிருந்ததால் மூடுவதற்கு மண் போதவில்லை. ராதா கறிவேப்பிலைக்கு வாங்கிவைத்திருந்த உரமண்ணை அவள் கணவர் சடகோபன் மூட்டையோடு கொட்டி நிரவினார்.

இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை; புல் வைக்கோலாகிவிட்டது. தண்ணீர்க் கட்டுப்பாடு, புல்லுக்குக் குழாய் திறக்கக் கூடாது. அகழி இருந்த இடம் மட்டும் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது, நாலு வாசலோடு.

"ஏன்னா, திருட்டுத்தனமா தண்ணி விட்டாப்ல இருக்கே. நாளைக்கு ஏஜென்ட் வரா."

"அமேஸிங்ப்பா," என்றாள் ஹரிப்பிரியா. "பிரிட்டன்ல ப்ளேன்லேர்ந்து இப்படித்தான் கண்டுபிடிக்கறா. மூடின டிச்ல ஈரம் நிக்கும். ரெண்டாயிரம் வருஷமானாலும் தெரியும்."

"நாளைக்கு ஒரு மணி நேரம் தெரியாம இருந்தா போதும்டி," என்றாள் ராதா.

சடகோபன் கத்தரிக்கோலோடு போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வெட்டினாலும் பச்சை பச்சைதான். கடைசியில் ராதாவுக்கு வடாம் பிழியலாமென்று தோன்றியது. பழைய புடவைகளைப் பச்சையின் மேல் நீளவாட்டில் விரித்து, அவற்றில் பிழிந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த சடகோபன் தலையில் கை வைத்துக்கொண்டார். செவ்வகம் முன்பைவிடத் துல்லியமாக இருந்தது.

ஏஜென்ட் பெண் வடாமைப் பார்த்தாள். ஹரிப்பிரியா புடவை நுனியைத் தூக்கிக் காட்டி, அகழி, உரமண், ரோமானியர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"தண்ணீர் விட்டதாக நான் சொல்லவே இல்லையே," என்றாள் ஏஜென்ட் பெண். "உரிமையாளர் வீட்டை விற்கிறார். ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லை. அடுத்த வாரம் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வருவார்கள். துணிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்."

அவள் கார் போன பிறகு ராதா வடாம்களை உரித்துச் சேர்த்தாள்.

"கிளம்பறச்சே அகழியை அந்தப் படைக்காரா மூடிட்டுப் போவாளோடி?"

"சில சமயம்," என்றாள் ஹரிப்பிரியா. அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோழிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அரிசி களைந்த தண்ணீரை ராதா கறிவேப்பிலைக்கு விடவில்லை. பச்சைக் கோட்டின் மேல், மூலை வரைக்கும், ஊற்றிக்கொண்டே நடந்தாள்.