காயாத பெஞ்சு

"கொல்லையில பெஞ்சு கெடக்கு பாருங்க, அதை எடுத்துட்டு வந்து வாசல்ல போடுங்கப்பா!" என்று யாரோ குரல் கொடுத்ததும் இரண்டு ஆட்கள் ஓடினார்கள். காளியாயிக்குத் திக்கென்றது. பெஞ்சில் அடித்த வார்னிஷ் இன்னும் காயவில்லை.

சொல்ல வாயெடுத்தாள். அப்பனைப் பறிகொடுத்தவள் வார்னிஷைப் பற்றிப் பேசினால் பாலக்கரைச் சனமே காறித் துப்பாதா? வாயை மூடிக்கொண்டாள். அவள் கண்ணெதிரிலேயே அப்பா அடைக்கலத்தைத் தூக்கி வந்து அதில் கிடத்தினார்கள்.

அன்று விடியற்காலைதான் அடைக்கலம் பெஞ்சுப் பலகைக்குக் கடைசிப் பூச்சு கொடுத்தார். கையைத் துடைத்தபடி உள்ளே வந்து, "ரெங்கம், காபி போடு" என்றார். மனைவி ரெங்கம்மாள் காபியோடு வந்தபோது சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தார். வலிக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் காலமெல்லாம் எடை போட்ட மனிதர். வேலையை விட்டு நின்றபோது, மூலையில் கிடந்த அந்தப் பெஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தொட்டியத்து வாழைத்தார்களை இறக்கி இறக்கி அதில் கறை ஏறாத இடமில்லை. கறையை மறைக்கப் பச்சைப் பெயிண்ட், அதன்மேல் மறுபடி கறை, அதன்மேல் மறுபடி பச்சை. சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பலகையில் வேங்கை மரத்தின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் அவருக்கு உள்ளங்கையெல்லாம் பொத்துப்போனது. பெஞ்சின் கால்களுக்கு அவர் இன்னும் வரவில்லை. அவை மார்க்கெட்டுப் பச்சையிலேயே இருந்தன.

எல்லாம் காளியாயிக்காகத்தான். புருஷன் கைவிட்ட பிறகு அப்பா வீட்டுக்கு வந்தவள். கையில் தையல் இருந்தது, வீட்டில் மெஷின் இருந்தது. தெருப் பெண்களுக்கு வகுப்பு எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். "வகுப்புன்னா வர்றவங்க உக்கார பெஞ்சு வேணும்ல?" என்று கிளம்பியவர்தான் அடைக்கலம். அண்ணன் தர்மராஜுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. உப்பிலியபுரத்தில் அவன் வீட்டில் மாடுகன்று, பிள்ளைகள், ஓயாத வேலை. தங்கை வந்தால் சௌகரியம். அப்பா இருந்தவரை அவன் பேச்சு எடுபடவில்லை.

குளிப்பாட்டுவதற்காகத் தூக்கினார்கள். அடைக்கலம் வரவில்லை. வேட்டி பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்கடி, பெத்த பொண்ண விட்டுட்டுப் போக மனசில்ல எங்கண்ணனுக்கு!" என்று அத்தை மாரியாயி மாரில் அடித்துக்கொண்டாள். கூட்டமே ஓவென்று அழுதது. விஷயம் தெரிந்த காளியாயிக்கோ சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். அப்பாவும்தான் சிரித்திருப்பார் என்று தோன்றியதும் அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஒரே இழுப்பாக இழுத்தார்கள். சர்ரென்று துணி பிய்ந்தது.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தர்மராஜ் சொன்னான்: "அடுத்த மாசம் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள அந்தப் பெஞ்சை யாருகிட்டயாவது தள்ளி விட்டுடுங்க. பொணம் கெடந்ததை வீட்டுல வச்சுக்கிட்டு!"

"அதுல எந்த வீட்டுப் பொண்ணு வந்து உக்காரும்?" என்றாள் அத்தை. "வகுப்பெல்லாம் உங்கப்பனோட போச்சு காளி. அண்ணன் சொல்றதைக் கேளு."

ரெங்கம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். காளியாயி கொல்லைக்குப் போனாள். மறுபடி அங்கே கொண்டு போட்டிருந்த பெஞ்சின் பலகை முழுக்க வேட்டியின் நூல் அப்பிக்கிடந்தது. உடைந்த விளக்குச் சிம்னியின் சில்லு ஒன்றை எடுத்து உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜஹானாரா வந்தாள். வகுப்புக்கு முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான்.

"உள்ளதைச் சொல்லு ஜஹானாரா. நீ இதுல உக்காருவியா?"

"எங்க பள்ளிவாசல்ல, எறந்தவங்களைத் தூக்குற சந்தூக்குப் பெட்டி ஒண்ணுதான்க்கா. எங்க அத்தாவை அதுல வச்சுத்தான் தூக்கிட்டுப் போனாங்க. திரும்பி வந்ததும் கழுவி வச்சுட்டா, அடுத்தவங்களுக்கும் அதேதான். மரம் என்னக்கா பண்ணுச்சு?"

"மத்தவங்க?"

"நான் உக்காந்தா உக்காருவாங்க. பயமா இருந்தா என்னை ஒட்டி உக்காரட்டும்" என்று அவளும் ஒரு சில்லை எடுத்துக்கொண்டு பெஞ்சின் பச்சைக் காலருகில் குந்தினாள்.

கொஞ்ச நேரத்தில் ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். காய்ச்சிய சோடாத் தண்ணீரை இருவருக்கும் நடுவில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

நாள் தவறாமல் சுரண்டினார்கள். பச்சைக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே கறை. பிறகு ஒருநாள் கால்களிலும் வேங்கை தலைகாட்டியது. அந்த மஞ்சள் பழுப்பைப் பார்த்ததும் காளியாயிக்கு, அப்பா போனபின் முதன்முதலாக, வயிறாரச் சாப்பிட வேண்டும் போலிருந்தது. இந்த முறை வார்னிஷ் அடித்துவிட்டுக் காக்காய்கூட உட்காராமல் காவல் இருந்தாள்.

சொன்னபடி தர்மராஜ் வந்தான். உச்சிவெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தவன், கூடத்தில் ஜஹானாராவும் இன்னும் இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைத் துணியில் காஜா எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். ஆண்பிள்ளையைக் கண்டு அவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். அவன் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அப்பாடா, என்னா வெயிலு!" உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தான். "பெஞ்சு புதுசா இருக்கே? நல்ல மரமாச்சே, யாரு செஞ்சது?"

ஜஹானாரா ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெங்கம்மாள் மகனிடம் சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"உங்கப்பா செஞ்சதுதாம்ப்பா."

தடவிய கை அப்படியே நின்றது. எழுந்துவிடப் போகிறான் என்று காளியாயி பயந்தாள். அண்ணன் எழுந்தால் இந்தப் பெண்கள் நாளைக்கு வரமாட்டார்கள். அப்புறம் உப்பிலியபுரம்தான்.

தர்மராஜ் சொம்பைத் தூக்கிக் குடித்தான். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தான். வெறும் சொம்பைப் பக்கத்தில் வைத்தான்.

"நாங்க எத்தனை மணி பஸ்ஸுக்குத் தம்பி கெளம்பணும்?" என்றாள் ரெங்கம்மாள்.

"அஞ்சரைக்கு ஒண்ணு இருக்கு." அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் மட்டும் போயிட்டு வரேன்ம்மா."

பிறகு ஞாபகம் வந்தவனாகச் சொம்பை அவசரமாக எடுத்துத் தரையில் வைத்தான். பலகையில் வட்டமாக ஈரம் நின்றது. தோள் துண்டை எடுத்து, வார்னிஷ் போய்விடாமல் மெல்ல ஒற்றினான்.